திரும்பியவர்களா, திருப்பப்பட்டவர்களா?

1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தம் ஏறத்தாழ 9,75,000 மனிதர்களைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்ட மலையகத் தமிழர் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகவே இல்லை.

இந்தியா வந்தவர்களுக்கு அரசு ஆவணங்கள் சூட்டிய பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. ‘திரும்பு’ என்பது தன்வினை. ‘திருப்பு’ என்பது பிறவினை. மெல்லொற்று வல்லொற்றாக மாறும்போது செயலின் பொறுப்பும் கைமாறுகிறது. நுவரெலியாவில் பிறந்து, இந்தியாவைக் கண்ணாலும் கண்டிராத ஒருவர் எங்கே ‘திரும்ப’ இயலும்? தன்வினையைத் தேர்ந்ததால், செய்தவர் யார் என்ற வினாவே எழாமற் போயிற்று.

பலர் இந்தியக் குடியுரிமைக்குத் தாமே விண்ணப்பித்தனர் என வாதிடலாம். உண்மைதான். ஆயினும் 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகிப் பதினாறு ஆண்டுகள் காத்திருந்தவர் இட்ட கையொப்பத்தைத் தடையற்ற தெரிவாகக் கொள்வது எளிதன்று.

அன்றைய அரசு செய்ததற்கு இன்றைய அரசு ஏன் மன்னிப்புக் கோர வேண்டும் என்பது அடுத்த தடை. முந்தைய அரசு வாங்கிய கடனை இன்றைய அரசு அடைக்கிறது. முந்தைய அரசு செய்த உடன்படிக்கைகளை மதிக்கிறது. பெருமைகளை மரபுரிமையாக ஏற்கும் அரசு, பிழைகளை மட்டும் தனக்கு உரியவை அல்ல என்று ஒதுக்குவது முறையாகாது. 1914இல் கோமகட்டா மாரு கப்பலின் பயணிகளைத் திருப்பியனுப்பியதற்காகக் கனடா 2016இல் தன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரியது. ஜாலியன்வாலா பாக் படுகொலை பற்றி 2019இல் தெரசா மே வருத்தம் மட்டுமே தெரிவித்தபோது, அது மன்னிப்பாகாது என இந்தியாவில் எழுந்த குரல்கள் நியாயமானவை. பிறரை அளக்கும் கோலால் தன்னையும் அளந்துகொள்வதே அறம்.

மன்னிப்பு வெறுஞ்சொல் என்போரும் உளர். சில சொற்கள் செய்தியைத் தெரிவிப்பதோடு நில்லாமல் செயலையே நிகழ்த்துகின்றன என்று ஆஸ்டின் விளக்கினார். மன்னிப்பு அவ்வகைச் சொல். இழைத்த தவறைப் பெயரிட்டுச் சொல்லவும், பொறுப்பை ஏற்கவும், ஈடுசெய்யவும் முன்வராவிடில் அச்செயல் நிறைவேறாது. இலங்கை 2003இல் இயற்றிய சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் அந்நாட்டில் நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. ஒப்பந்தம் செய்த நாள் சட்டத்தில் இடம்பெற்றது. தவறு என்னும் சொல் இடம்பெறவில்லை.

இந்தியாவிலோ ஈடுசெய்தலே முடியவில்லை. 1983க்குப் பின் வன்முறைக்கு அஞ்சி வந்த மலையகத் தமிழர் பலர் தமிழக முகாம்களில் குடியுரிமையின்றி வாழ்கின்றனர். அத்தகையோர் தொடுத்த வழக்கில், அவர்களுடைய விண்ணப்பங்களை நடுவணரசு பரிசீலிக்க வேண்டுமென 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளோடு நின்றுகொண்டது.

இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் அமைந்துள்ள மைசூரிலிருந்து மடிக்கேரியைக் கடந்து மலையிறங்கினால் சுள்ளியா. அங்கும் புத்தூரிலும் உள்ள ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்கள், கன்னடமும் துளுவும் சூழ்ந்த நிலத்தில் மலையகத் தமிழைப் பேசி வந்துள்ளனர். அவர்களின் பேச்சைப் பதிவுசெய்ய வருகிற ஆய்வாளர், ஆவணத்தில் உள்ள பெயரை அப்படியே எடுத்தாளுதல் கூடாது. இரு நாடாளுமன்றங்களும் இயற்ற வேண்டிய மன்னிப்புத் தீர்மானத்துக்கும் அதுவே தொடக்கம்: அவர்கள் திரும்பியவர்கள் அல்லர், திருப்பப்பட்டவர்கள் என்று எழுதுவது, முகாமில் எஞ்சியிருப்போருக்குக் குடியுரிமை தந்து அவ்வாக்கியத்தை முடிப்பது.