வாய்க்காற் கரையில் ஒரு வகுப்பு

மருதத்திற்கு வயல், நெய்தலுக்குக் கடல் என்று ஒப்புவிக்கும் மாணவர்க்கு நம் வகுப்பறைகளிற் குறைவில்லை. கருப்பொருள்களை வரிசை பிறழாது எழுதி உயர்ந்த புள்ளி பெறுவோரும் பலர். ஆயின், கண்டல் எது, தாழை எது என்று நீர்க்கரையில் நிறுத்தி வினவினால், விடை கூறுவோர் மிகச் சிலரே. நிலத்தைக் காட்டாது நூலை மட்டும் கற்பிக்கும் முறையின் குறை இது.

நிலத்தைக் காண நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. கொழும்பில் வாழ்வோர்க்குப் புத்தளப் பாதைப் புகையிரதமே போதும். ராகமையிற் பிரிந்து வடக்கே செல்லும் இப்பாதை 1909இல் நீர்கொழும்பையும், 1916இல் சிலாபத்தையும், 1926இல் புத்தளத்தையும் எட்டியது. கந்தானை, ஜா-எல, சீதுவை என நிலையந்தோறும் நின்று செல்லும் வண்டியில் மூன்றாம் வகுப்புச் சீட்டு ஒன்று எவர்க்கும் எட்டாததன்று.

ஜா-எலவுக்கு மேற்கே கிடப்பது முத்துராஜவெலச் சதுப்பு நிலம். ஏறத்தாழ 3,000 ஹெக்டேயர் பரப்புடையது. பண்டு இது நெல் விளைந்த நிலம் என்பதை அப்பெயரின் ஈற்றிலுள்ள, வயலைக் குறிக்கும் 'வெல' என்னும் சிங்களச் சொல்லே காட்டும். கறுவா முதலிய பண்டங்களைப் படகேற்றிக் கொணர ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்கால் வழியே உவர்நீர் உட்புகுந்து வயலைக் கெடுத்தது. அதனை வடித்தற்கென ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்ததே ஹமில்டன் வாய்க்கால். அதன் நீளம் ஏறத்தாழ 14.5 கிலோமீற்றர். வாய்க்கால் நிலைத்தது, வயல் மீளவில்லை. மருதம் மனிதர் கைப்பட்டு நெய்தலாய்த் திரிந்த கதை இது. திணைமயக்கத்தைக் கற்பிக்க இதனினும் சிறந்த உரைநூல் யாது?

நடக்க விரும்புவோர் நீர்கொழும்பில் இறங்குக. 1678 என்னும் ஆண்டு பொறித்த ஒல்லாந்தர் கோட்டை வாயிலைக் காண்க. அக்கோட்டை இன்று சிறைச்சாலையாக உள்ளது. அங்கிருந்து ஊரை ஊடறுத்து வடக்கே ஓடும் வாய்க்காலைத் துணையாகக் கொண்டு சென்றால், மகா ஓயாக் கரையிலுள்ள கொச்சிக்கடையை ஒரு காலைப்பொழுதில் அடையலாம். மீள்வதற்கு அங்கும் புகையிரத நிலையம் உண்டு. வழியெல்லாம் தென்னந்தோப்பும், மீன்பிடிப் படகும், கொக்கும், நீர்க்காகமும், மீன்கொத்தியும் காணலாம். கரையில் வெயில் காயும் கபரக்கொய்யாவைக் கண்டு சிறுவர் அஞ்சவேண்டுவதில்லை, சீண்டாதிருந்தாற் போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தை மட்டும் தவிர்த்தல் நன்று.

இக்கரையோரத்திற்கும் தமிழுக்கும் உள்ள உறவு பழையது. நீர்கொழும்பு முதல் புத்தளம் வரை தமிழ் வழங்கிய மீனவ ஊர்கள் பலவாயிருந்தன. அவற்றுட் பல காலப்போக்கிற் சிங்களம் பேசும் ஊர்களாயின. உடப்பு போன்றவை தமிழைக் காத்து நிற்கின்றன. ஆதலின், இவ்வழிச் செல்லும் மாணவன் செடிகொடியோடு மொழியின் வரலாற்றையும் காண்பான்.

காண்பதற்குக் காலம் தாழ்த்தலாகாது. முத்துராஜவெலவின் ஒரு பகுதி 1996இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பெற்றது. ஆயினும், சதுப்பை மண்ணிட்டு நிரப்புதலும் நீரிற் கழிவு கொட்டுதலும் ஓய்ந்தபாடில்லை. வாய்க்காலில் மிதக்கும் பொலித்தீன் பைகளை நடந்து செல்வோர் எவரும் காண்பர். பெருமழை நீரைத் தன்னுள் ஏற்றுச் சுற்றியுள்ள ஊர்களை வெள்ளத்தினின்றும் காப்பது அச்சதுப்பு. அது தூர்ந்தால் வெள்ளம் வீட்டு வாயிலுக்கு வரும்.

பரீட்சைக்கு நாள் போதாதே என்று ஆசிரியர் சிலர் கூறக்கூடும். தவணைக்கு ஒரு சனிக்கிழமையைக் கொடுத்தாற் பாடம் குன்றிவிடாது. கண்ணாற் கண்ட கருப்பொருள் மனனம் செய்ததைவிட நெடிது நிற்கும். இலக்கிய வட்டத்தினரும் தம் மாதக் கூட்டங்களுள் ஒன்றை மண்டபத்தை விட்டுக் கரைக்குக் கொண்டுசெல்வாராக. உள்ளூராட்சி மன்றங்கள் கரைவழியைத் துப்புரவு செய்து, நிழல்மரம் நாட்டி, கழிவு கொட்டுவோரைத் தடுப்பனவாக.

தான் அறியாத ஒன்றை எவரும் காக்க முற்படார். நம் மாணவர் அதனை நடந்தறியட்டும். காக்கும் எண்ணம் அவ்வழியே பிறக்கும்.