சாமிக்கு ஒரு நாடா, குடிசைக்கு ஒரு நாடாவா?

சென்னையில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோ ரயில் போடுகிறார்கள். நிலையம் பூமிக்கடியில் இருந்தாலும், ஜனங்கள் ஏறியிறங்கும் வழி மேலே வந்துதானே தீரவேண்டும்? அதற்காக ஒயிட்ஸ் சாலையில் ஒரு கோவிலின் இடத்தில் கொஞ்சம் எடுப்பதென்று முதலில் திட்டம் போட்டார்கள். கோவில் கட்சியார் கோர்ட்டுக்குப் போனார்கள். உடனே அதிகாரிகளின் அளவு நாடா, சர்க்கார் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் கட்டிடத்தின் பக்கம் திரும்பிவிட்டது! 2025-ம் வருஷம் மார்ச்சு மாதம் ஐக்கோர்ட்டு நீதிபதி அந்த நோட்டீசைத் தள்ளினார். நல்லதே. ஆனால் அத்தீர்ப்பிலுங்கூட, இதற்காக ஆண்டவன் கருணை காட்டுவான் என்று சமாதானம் சொல்லவேண்டியிருந்தது. இதுதான் நம் நாட்டின் வெட்கக்கேடு.

நாம் கேட்கின்றோம்: தூணிலும் துரும்பிலும் இருக்கிற கடவுளுக்கு நாலு கஜம் தள்ளி இருக்க முடியாதா? ரோட்டுக்காக ஏழையின் குடிசையைப் பிரிக்கிறபோது, அவன் அடுப்புக்கும் அவன் பிள்ளையின் தொட்டிலுக்கும் யாராவது மன்னிப்புக் கேட்டதுண்டா? அவனுக்காக எந்த அதிகாரியாவது திட்டத்தை மாற்றியதுண்டா?

வழி எங்கே வரவேண்டுமென்பதை மண்ணின் தன்மையும் ஜனங்களின் சௌகரியமுமே தீர்மானிக்கட்டும். கோவிலானாலும், மசூதியானாலும், மாதாகோவிலானாலும், மந்திரி பங்களாவானாலும், குடிசையானாலும் ஒரே நாடாவைப் பிடிப்பதுதான் சர்க்காரின் கடமை என்பது நமது அபிப்பிராயம்.