கல்லும் கைப்பேசியும்

தோழனே!

தென்காசிக் கோபுரத்தைக் கண்டிருப்பாய். பதினைந்தாம் நூற்றாண்டிலே அக்கோயிலை எடுப்பித்தான் பராக்கிரம பாண்டியன். எடுப்பித்ததோடு நின்றானா? பிற்காலத்தே இதனைப் பழுதுபார்த்துக் காப்போர் எவராயினும் அவர்தம் அடிபணிகிறேன் என்று கல்லிலே வெட்டி வைத்தான். முடிதரித்த மன்னன், முகமறியா மக்களுக்கு வணக்கம் கூறினான்! கோபுரம் சிதைந்தது. மக்கள் முனைந்தனர். 1990இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது.

பக்தி பேச வந்தேனில்லை, பதறாதே! அந்தக் கல்லைக் கேள். சொன்னவன் யார் என்று சொல்லும். மெய்க்கீர்த்திகளிலே மன்னர்கள் அளந்த பெருமை மலையளவு என்பதை நானும் அறிவேன். ஆயினும் அளந்தவன் யாரெனத் தெரிவதால், எவ்வளவு தள்ளுவது என்பதும் தெரிகிறது. வைகறையிலே உன் கைப்பேசியில் வந்து விழும் செய்திக்கு அந்த நேர்மை உண்டா? பெயரில்லை, ஊரில்லை, நாளில்லை!

அருகேதான் குற்றாலம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியிலே திடீர் வெள்ளம். பதினேழு வயதுச் சிறுவன் மாண்டான். அந்த வெள்ளக் காட்சியை இணையம் நாடெங்கும் காட்டிற்று. நன்மைதான், மறுப்பாரில்லை. அதே காட்சியை நாள் நீக்கி, 'இன்று' என்று ஒருவன் ஏவினால்? சாரலை நம்பிக் கடை விரித்தவன் வயிற்றிலே அடி. மாறாக, அருவி அமைதியாய் வீழும் பழைய படத்தை நம்பி, வெள்ள நாளிலே ஒரு குடும்பம் இறங்கினால்? படம் பொய்யன்று தோழனே, நாள் பொய்!

2023 மார்ச்சிலே என்ன நடந்தது? பீகார்த் தொழிலாளரைத் தமிழர் தாக்குகின்றனர் என்று படங்கள் பரவின. வேற்று மாநிலக் கொலைக் காட்சிக்குத் தமிழ்நாட்டுப் பெயர் சூட்டினர்! உழைக்க வந்தோர் உள்ளம் நடுங்கினர். பீகார் அதிகாரிகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து விசாரிக்க நேர்ந்தது.

அன்று அவதூறு நம்மீது, கொதித்தோம். மாற்றார்மீது வரும்போது? இனிக்கிறதே! இனிப்பதால் கேள்வியின்றி நூறு பேருக்கு அனுப்புகிறோமே!

எதிரணித் தலைவர் இப்படிப் பேசினார் என்று ஒரு செய்தி வருகிறதா? எந்த ஊர்க் கூட்டம், எந்த நாள் என்று அனுப்பியவரைக் கேள். அவர் நம் கிளைச் செயலாளராயினும் கேள். அதை நம்பி மேடையிலே முழங்கிய பேச்சாளன், மறுநாள் மறுப்பு வந்தபின் எந்த முகத்தோடு அதே மேடை ஏறுவான்?

விடை வரும்வரை கைப்பேசியைச் சட்டைப் பையிலே போட்டு வை.