மல்லாட்டை இருக்க பாதாம் எதுக்கு?
மைதா, பால், முட்டை எதுவும் இல்லாத பாதாம் பிஸ்கெட்டை விலை பார்க்காமல் வாங்குகிறோம். வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்லும் வில்லியனூர், பாகூர் பக்கத்தில் பாதாம் எதுக்குங்க? 19-ம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குக் கப்பலேறிய சரக்காச்சே! 100 கிராமில் சுமார் 25 கிராம் புரதம், பாதாமுக்குச் சளைத்ததல்ல.

வறுத்துத் தோல் நீக்கிய மல்லாட்டை இரண்டு பங்கு, கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் ஒரு பங்கு. சேர்த்து அரைத்து, சின்னச் சின்னதாகத் தட்டுங்கள். அடிகனமான பாத்திரத்தில் உப்பு பரப்பிச் சூடாக்கி, அதன்மேல் தட்டை வைத்து மூடி, சிறு தீயில் 20 நிமிடம். ஆறினால்தான் கெட்டியாகும், அவசரப்படாதீர்கள். பூசணம் பிடித்த பருப்பு ஒன்றுகூட வேண்டாம், கல்லீரலைக் கெடுக்கும் நச்சு அதில் இருக்கலாம்.

'சர்க்கரையே சேர்க்கலை'ன்னு நீரிழிவு உள்ள மாமியாருக்கு நாலு கொடுத்துடாதீங்க. பேரீச்சையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். அவங்களுக்கு ஒன்று போதும்.