'ஆ' என்னும் ஆங்கிலச் சொல்லும் அடியார் அச்சமும்

ஆங்கிலத்திலே 'ஆ' என்றொரு சொல் உண்டு. வியப்புற்றவிடத்துத் தமிழர் வாய்விட்டுக் கூறும் 'ஆ' என்பதனோடு அதற்கு ஒலியொப்புமையன்றிப் பிறிதோர் உறவில்லை. பழைய நார்ஸ் மொழியின் 'அகி' என்பதினின்று வந்த அச்சொல் முதற்கண் பேரச்சத்தையே குறித்தது. பின்னர் விவிலிய மொழிபெயர்ப்பிலே கடவுள்மாட்டு வழங்கி வழங்கி, வணக்கங் கலந்த நடுக்கம் என்னும் பொருளை எய்தியது. அதன் வழிவந்தனவற்றுள் 'ஆஃபுல்' என்பது இன்று மிகத் தீயதனையும், 'ஆசம்' என்பது மிக நல்லதனையும் குறிக்கும். தின்பண்டத்தைப் புகழ்வாரும் பின்னதனையே எடுத்தாளுவர்!

இங்ஙனம் நிலைபெறாத சொல்லொன்றைக் கொண்டு சைவருடைய பத்தியை அளக்கப் புகுவார் சிலர் உளர். ஜெர்மனி தேயத்து ருடால்ப் ஆட்டோ என்பார் 1917-ல் வெளியிட்டு, 1923-ல் ஆங்கிலமாக்கப்பட்ட நூலிலே, தெய்வ உணர்வு நடுக்குறுத்துவதும் ஈர்ப்பதுமாகிய இருதன்மையுடைய தென்றார். அதன் முற்பாதியை மட்டும் கற்றுப் பிற்பாதியைக் கைவிட்ட இவர்கள் கூறுவதாவது: "அண்ணாமலையார் அழற்பிழம்பாய் நின்றார், அயனும் மாலும் அடிமுடி காணாது மயங்கினர். அம்மலையிற் பாடிய மணிவாசகரும் அச்சம் என்றே வாய்திறந்து கூறினார். ஆதலின் சைவ பத்திக்கு வேர் அச்சமே" என்பதாம்.

இஃது ஆராயாக் கூற்று. மெய்ப்பாடு எட்டனையும் வகுத்த தொல்காப்பியர் மருட்கையை வேறும், அச்சத்தை வேறுமாக வைத்தார். பெருமை கண்டவிடத்துத் தோன்றுவது மருட்கை. அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு. இவற்றுள் அணங்காவது வருத்துந் தெய்வம். இறையாவார் பிழை கண்டு ஒறுக்கும் அரசர் முதலியோர். மும்மலச் சிறையினின்று உயிரை மீட்கும் சிவபெருமானை இவ்விரண்டனுள் எதன்பாற் படுப்பது? ஆங்கிலச் சொல் கலந்து குழப்பிய இரண்டனையும் தமிழ் முன்னரே பிரித்து வைத்திருக்க, அக்குழப்பத்தை மீண்டும் இங்கே கொணர்தல் எற்றுக்கு?

இனி, மணிவாசகர் வாக்கை நோக்குக. மலையின் மேல்பால் கிரிவலப் பாதையில் அமைந்த அடி அண்ணாமலையில் அவருக்குத் திருக்கோயில் உண்டு. திருவெம்பாவை அங்கே அருளப்பட்டதென்பது வழிவழி வந்த கொள்கை. அதன் இருபது பாட்டினுள் அண்ணாமலையானை முதலிற் கூறும் பதினெட்டாம் பாட்டை அடுத்த பாட்டிலேதான் அச்சம் என்னும் சொல் வருகின்றது. யாது குறித்த அச்சம்? நீராடும் மகளிர், 'எம்மை நின் அன்பரல்லாதார்க்குக் கொடுத்துவிடுவரோ' என்று அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை எவரிடம் முறையிடுகின்றனர்? அப்பெருமானிடமே! குழந்தை நாய்க்கு அஞ்சித் தாயின் மடியிற் புகுதல் கண்டு, 'தாய்க்கு அஞ்சிற்று' என்பார் உளரோ?

தில்லையில் அருளிய அச்சப்பத்தும் இதனையே வலியுறுத்தும். புற்றிலுறை பாம்பு, களிறு, புலி, பிணி, கூற்றுவன் சினம் ஆகிய யாவற்றுக்கும் அஞ்சேன் என்னும் அடிகள், சிவனிடத்து அன்பில்லாதாரையும் திருநீறு அணியாதாரையும் கண்டே அஞ்சுகின்றார். பத்துப் பாட்டினுள் ஒன்றிலேனும் சிவனுக்கு அஞ்சியதாகக் கூறிற்றிலர். கண்ணப்பரோ, காளத்தியில் பெருமான் தனித்திருக்கின்றாரே, விலங்கால் தீங்கு நேருமே என அஞ்சி, இரவெல்லாம் வில்லேந்தி நின்றார். கடவுளுக்காக அஞ்சிய இவ்வன்பை அந்த 'ஆ' எங்ஙனம் உணர்த்தும்?

அற்றேல், 'தெய்வத்துக்கு அஞ்சி நட' என உலகோர் கூறுதல் என்னையெனின், அது தன் தீவினைக்கு அஞ்சுதல். வள்ளுவர் அதற்குத் தீவினையச்சம் எனத் தனியதிகாரமே வகுத்தார். ஒறுத்தலும் மறக்கருணையே என்பது சித்தாந்தத் துணிபாதலின், மருந்தின் கைப்புக் கண்டு மருத்துவனைப் பகைவனென்றல் பொருந்தாது. கூத்தப்பிரான் ஒருகை தீயேந்த, மற்றொரு கை 'அஞ்சேல்' என அமைந்திருத்தலையும் மறவற்க.

அழலுருவம் நடுக்கந் தருவதே எனச் சாதிப்பார், கார்த்திகை தீபத்தன்று அண்ணாமலைக்குச் செல்லக் கடவர். மலையுச்சியில் சுடர் எழுந்ததும் ஓடி ஒளிப்பார் அங்கு ஒருவரும் இலர். கைக்குழந்தையையும் தோள்மேல் தூக்கிக் காட்டுகின்றனர்.

அச்சப்பத்தை ஆங்கிலத்தில் எழுதுவார்க்குப் பாம்புக்கும் புலிக்கும் வழங்கும் 'ஃபியர்' என்னும் எளிய சொல்லே அமையும். 'ஆ' அங்கு வேண்டா.