பூனை வீட்டைத்தான் நேசிக்குமாம்!

"நாய் ஆளை நம்பி இருக்கும், பூனை வீட்டை நம்பி இருக்கும்."

வீடு மாற்றும் குடும்பங்களில் யாராவது ஒரு மாமாவோ சித்தப்பாவோ இந்த வசனத்தை எடுத்து விடுவார். கேட்க என்னவோ பெரிய அனுபவ மொழி மாதிரிதான் இருக்கும். ஆனால் அது எந்த நேரத்தில் சொல்லப்படுகிறது என்று கவனிக்க வேண்டும். லாரிக்காரர் வந்து பீரோவை அளந்துவிட்டுப் போயாச்சு, டிவிக்கும் பிரிட்ஜுக்கும் அட்டைப்பெட்டி வந்தாச்சு, துளசிச் செடிக்குக்கூட இடம் ஒதுக்கியாச்சு. அப்போது வீட்டுச் சின்னப் பிள்ளை "பூனை?" என்று கேட்கும். உடனே வசனம் வரும்.

மறுநாள் விடியற்காலை ஒரு சாக்கு, ஒரு கயிறு, ஒரு டிவிஎஸ் 50. மீன் மார்க்கெட் ஓரமாக அவிழ்த்து விட்டால் கதை முடிந்தது. "அங்க மீனுக்கா பஞ்சம், ராஜா மாதிரி இருக்கும்" என்று பிள்ளைக்கு ஒரு சமாதானம்.

சரி, ஒரு சின்ன கேள்வி. பூனை வீட்டைத்தான் நேசிக்கும் என்றால் அதை எதற்கு மார்க்கெட்டில் கொண்டுபோய் விட வேண்டும்? அந்தக் கணக்குப்படி ஆளும் போச்சு, வீடும் போச்சு! சொல்பவர்களே நம்பாத வசனம் இது. மனசாட்சி குத்தாமல் இருக்கத் தடவிக்கொள்ளும் களிம்பு, அவ்வளவுதான்.

இதில் பாதி உண்மை இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பூனைக்கு இடம் ரொம்ப முக்கியம். கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் கன்னத்தை உரசிக்கொண்டே திரிகிறதே, அது கொஞ்சல் மட்டும் இல்லை. கன்னத்துச் சுரப்பிகளின் வாசனையை அங்கே பூசி, "இது எனக்குத் தெரிந்த இடம்" என்று கையெழுத்துப் போட்டு வைக்கிறது. புது வீட்டில் அந்தக் கையெழுத்து ஒன்றுகூட இருக்காது. பயப்படத்தான் செய்யும்.

மீதிப் பாதிதான் பொய். அமெரிக்காவில் ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் விட்டாலே குழுவினர் பூனைக்குட்டிகளை வைத்து ஒரு சோதனை செய்து 2019-ல் 'கரன்ட் பயாலஜி' இதழில் வெளியிட்டார்கள். பழக்கமில்லாத அறையில் வளர்ப்பவரோடு 2 நிமிடம், தனியாக 2 நிமிடம், மறுபடி வளர்ப்பவரோடு 2 நிமிடம். சுமார் 64 சதவீதக் குட்டிகள், வளர்ப்பவர் திரும்பி வந்ததும் பதற்றம் தணிந்து, தைரியமாக அறையைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கின. கைக்குழந்தைகளை வைத்துச் செய்த இதே மாதிரிச் சோதனைகளில் வரும் கணக்கும் ஏறக்குறைய இதுதான். பழக்கமில்லாத அறை... தெரிந்த ஒரே ஆள்... இதுதானே புது ஊர் வீடு? அங்கே பூனைக்கு இருக்கும் ஒரே பிடிமானம் அந்த ஆள்தான்.

அடுத்த சாக்கு (இது மூட்டை கட்டும் சாக்கு இல்லை): "அவ்வளவு தூரம் எப்படிக் கொண்டு போறது?" இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. சென்னையிலிருந்து டெல்லிக்கு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறக்குறைய 33 மணி நேரம். செல்லப்பிராணியைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பெர்த் கூபேயோ நான்கு பெர்த் கேபினோ முழுசாக எடுக்க வேண்டும். அது கிடைத்ததா என்பது சார்ட் போட்ட பிறகுதான் தெரியும். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அனுமதி கிடையாது. மிச்சம் இருப்பது கார்டு பெட்டியில் உள்ள 'நாய்ப் பெட்டி'. மே மாதம் விஜயவாடாவையும் நாக்பூரையும் அந்த இரும்புக் கூண்டுக்குள் ஒரு பூனை எப்படித் தாண்டும்? மடியில் வைக்கிற கூடைக்குள் அடங்குகிற, குரைக்காத, 4 கிலோப் பிராணிக்கும் இதே விதிதான்! சம்பளக்காரன் முதல் வகுப்பு ஏசி கூபேக்கு எங்கே போவான்? மாமாக்களைத் திட்டும்போது ரயில்வேயையும் சேர்த்துத் திட்ட வேண்டியிருக்கிறது. சில விமான நிறுவனங்கள் சின்னப் பிராணிகளை கேபினிலேயே அனுமதிக்கின்றன. 2022 நவம்பரில் ஆகாசா ஏரும் இதைத் தொடங்கியது. அதுவும் எல்லார் கைக்கும் எட்டாது.

ஆனால் உண்மையான கூத்து ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான்.

மயூர் விஹாரில் ஒரு மூன்றாம் மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். கதவு விரியத் திறந்திருக்கிறது, ஆட்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நடு ஹாலில் கூண்டைத் திறந்து விடுகிறார்கள். முந்தின நாள்தான் வீடு முழுக்க பினாயில் போட்டுக் கழுவியிருக்கிறது. பினாயிலில் இருக்கும் பீனால் வகை ரசாயனங்களை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. அந்தத் தரையில் நடந்து பாதத்தை நக்கினால் விஷம். "ரயில் அழுக்கு" என்று அன்றைக்கே பூனைக்குக் குளியல் வேறு! அதன் உடம்பில் மிச்சமிருந்த பழைய வீட்டு வாசனையும் போயே போச்சு. பூனை பிரிட்ஜுக்குப் பின்னால் நுழைந்து இரண்டு நாள் வெளியே வராது. "பாத்தியா, அதுக்கு இந்த வீடு பிடிக்கல. நான் அப்பவே சொன்னேன்" என்று ஊரிலிருந்து போனில் மாமா!

செய்ய வேண்டியது ரொம்ப எளிது. முதலில் ஒரே ஒரு அறை. அதில் தண்ணீர், சாப்பாடு, மண் தட்டு, ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, பழைய வீட்டிலிருந்து துவைக்காமல் கொண்டுவந்த ஒரு போர்வை. கதவைச் சாத்திவிட்டு யாராவது ஒருவர் பேசாமல் உட்கார்ந்து புத்தகம் படித்தால் போதும். இழுக்கக் கூடாது, தூக்கக் கூடாது. அது தானாக வரும். அறை பழகியபின் ஹால், அதன்பின் அடுக்களை. பால்கனிக்கு வலை அடிக்காமல் திறக்கவே கூடாது. வெளியே விட்டுப் பழக்கிய பூனையானாலும் குறைந்தது மூன்று வாரம் வீட்டுக்குள்தான். ஒன்றே ஒன்றில் மட்டும் பொறுமை கூடாது: ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் கிடந்தால் டாக்டரிடம் ஓட வேண்டும். பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகலாம், குண்டுப் பூனை என்றால் இன்னும் அதிகம்.

இதற்கெல்லாம் முதலில் வீடு கிடைக்க வேண்டுமே! பேச்சுலரா, அசைவமா, என்ன ஆளுங்க என்ற கேள்விகளைத் தாண்டி வந்தால் கடைசித் தடை பூனை. சென்னையில் கேட்டால் சகுனம், டெல்லியில் கேட்டால் நாற்றம். குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்புப் பிராணிகளைத் தடை செய்ய முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் வழிகாட்டுதல் கொடுத்தது. அதன் தலைப்பிலேயே இருப்பது நாய்தான். ரயிலில் நாய்ப் பெட்டி, வாரியத்தில் நாய் வழிகாட்டுதல். இந்த நாட்டின் காகிதங்களில் பூனை என்று ஒரு பிராணியே இல்லை போலும். ஒளித்துவைத்துக் குடியேறுவதைவிட, முதல் நாளே ஹவுஸ் ஓனரிடம் சொல்லி, வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குவது நல்லது. இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் மறுபடி சாக்கைத் தேட வேண்டியிருக்கும்.

பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் காரணமில்லாமல் கைவிடுவது 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்குத் தண்டனை என்ன தெரியுமா? 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய் வரை அபராதம். இன்றுவரை அதேதான். சாக்குக்கும் பெட்ரோலுக்கும் ஆகும் செலவே அதைவிட அதிகம்!

எல்லாப் பூனையையும் கட்டாயம் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதல்ல வாதம். தெருவில் ஐந்து வீட்டில் சோறு வாங்கித் தின்னும் பூனை அந்தத் தெருவுக்குத்தான் சொந்தம். சாப்பாடு போட அடுத்த வீட்டு அக்கா சம்மதித்தால் அதை அங்கேயே விடுவதுதான் நியாயம். பயணம் தாங்காத கிழப் பூனையை நம்பிக்கையான ஒரு வீட்டில் ஒப்படைப்பதும் தப்பில்லை. அதெல்லாம் யோசித்து எடுக்கும் முடிவு. சாக்கு யோசித்து எடுக்கும் முடிவு அல்ல.

பீரோவுக்கு லாரியில் இடம் இருந்தது. உடைந்த கிரைண்டருக்கும் இருந்தது. பத்து வருடம் காலடியில் படுத்துத் தூங்கிய ஒன்றுக்கு மட்டும் இடமில்லை என்றால், குறை லாரியில் இல்லை.

பி.கு: பழைய வீட்டுப் போர்வையைத் துவைக்காமல் எடுத்துப் போகச் சொன்னது பூனைக்காக மட்டுமல்ல. புது ஊரில் முதல் ராத்திரி மனுஷனுக்கும் அது உதவும்.