ஓர்மம் இருக்கிறது, குளிருக்குப் பழக்கம் வேண்டும்: நெடுந்தூரக் கடல் நீச்சலுக்கான கோரிக்கைச் சாசனம்

விளையாட்டுத்துறை அமைச்சுக்கும், நீச்சலுக்குப் பொறுப்பான தேசிய சங்கத்துக்கும், கொழும்பு மாநகர சபைக்கும், கடற்படைக்கும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியிருக்கும் நாம் இதை எழுதுகிறோம். நீந்தப் பழகும் பிள்ளைகளின் பெற்றோர், முன்னாள் நீச்சல்காரர், கடலோரத்தில் வளர்ந்தவர்கள் எல்லோரும் எங்களில் இருக்கிறார்கள்.

1984 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் ஆழிக்குமரன் ஆனந்தன் உயிரிழந்தார். வல்வெட்டித்துறை மண்ணின் பிள்ளை, தொழிலால் சட்டத்தரணி. 1971இல் பாக்குநீரிணையைப் போகவும் வரவுமாக 51 மணி நேரத்தில் நீந்தி முடித்தவர். 1979இல் இதே கொழும்பில், விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் சைக்கிள் மிதித்தார். ஓர்மம் என்ற சொல்லுக்கு எங்கள் தலைமுறை அவரைத்தான் காட்டி வளர்ந்தது.

ஆனால் ஓர்மத்தைக் கொண்டு குளிரை வெல்ல முடியாது. பாக்குநீரிணையின் நீர் பங்குனி, சித்திரையில் 28 பாகை செல்சியசை ஒட்டியிருக்கும். ஆங்கிலக் கால்வாயின் நீர் நடுக்கோடையிலும் 15 முதல் 18 பாகைதான். நீர் உடற்சூட்டைக் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலான வேகத்தில் உறிஞ்சிவிடும். இறங்கிய முதல் நிமிடங்களில் மூச்சுத் திணறும். அதைத் தாண்டினால் விரல்கள் விறைத்து, கை வீச்சுத் தளரும். உடலின் உட்சூடு 35 பாகைக்குக் கீழே போனால் பேச்சுக் குழறி, புத்தி மயங்கும். அந்த நிலையில் நீந்துபவர் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்றே சொல்வார். அவருடைய சொல்லை நம்பாமல் வெளியே எடுக்கத் தெரிந்த ஒருவர் வள்ளத்தில் இருந்தாக வேண்டும். எடுத்த பிறகும் சிறிது நேரத்துக்கு உட்சூடு இறங்கிக்கொண்டே போகும். அதனால் நிமிர்த்தி உட்காரவைக்காமல், படுக்கவைத்து ஈரம் களைந்து போர்த்த வேண்டும். மேலில் பூசும் கொழுப்பு குளிரைத் தடுக்கும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அது உராய்வுப் புண்ணைத்தான் தடுக்கும்.

ஆங்கிலக் கால்வாயில் முறைப்படி நீந்துபவருக்குச் சாதாரண நீச்சலுடையும் தொப்பியும் கண்ணாடியும் மட்டுமே அனுமதி. வள்ளத்தைத் தொட்டாலோ ஆளைப் பிடித்தாலோ நீச்சல் செல்லாது. அங்குள்ள சங்கங்கள் இன்று முயற்சிக்கு முன்பே 16 பாகைக்கு மேற்படாத நீரில் ஆறு மணி நேரம் நீந்திய சான்றைக் கேட்கின்றன. அந்தச் சான்றைப் பெற எங்கள் பிள்ளை எங்கே போவது? அதற்கு இந்த நாட்டில் ஓர் இடமாவது ஒதுக்கப்பட்டிருக்கிறதா?

ஆகவே எங்கள் தலையாய கோரிக்கை குளிர்நீர்ப் பயிற்சி. நுவரெலியா கிரகரி வாவியிலும் மலைநாட்டு நீர்த்தேக்கங்களிலும் ஆண்டு முழுவதும் நீரின் வெப்பநிலையையும் தூய்மையையும் அளந்து வெளியிடுங்கள். தகுந்த இடத்தைத் தெரிந்து, மருத்துவர் ஒருவரின் கண்காணிப்பில் பயிற்சி முகாம் நடத்துங்கள். உடல் குளிருக்குப் பழகுவது படிப்படியாகத்தான். பத்து நிமிடத்தில் தொடங்கி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நேரத்தைக் கூட்ட வேண்டும். வெளிநாட்டுக்கு விமானச்சீட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு, மீதியை வீரத்திடம் விட்டுவிடும் வழக்கம் இனி வேண்டாம். கூடப் போகும் அவதானிகளையும் உயிர்காப்பாளர்களையும் இங்கேயே பயிற்றுவித்துச் சான்று வழங்குங்கள். சான்றுள்ள அவதானியும் மருத்துவ அனுமதியும் இல்லாத எந்த நெடுந்தூர நீச்சலுக்கும் அரசின் பெயரோ பணமோ துணைபோகக் கூடாது.

அடுத்தது பாக்குநீரிணை. 1954இல் தொண்டைமானாறு மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையில் இறங்கிக் கோடிக்கரையில் கரையேறினார். 2021 ஏப்ரலில் விமானப்படை வீரர் ரொஷான் அபேசுந்தர தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பி, 28 மணி 19 நிமிடத்தில் ஆனந்தனின் ஐம்பதாண்டுச் சாதனையை முறியடித்தார். தமிழரும் சிங்களவரும் ஒரே கடலில் எழுதிய வரலாறு இது. இந்த நீரிணையின் நடுவே இரு நாட்டு எல்லைக்கோடு ஓடுகிறது. அதனால் இரு பக்கக் கடற்படைகளின் அனுமதியும் தேவை. படை, நிறுவனம் என்று பின்பலம் உள்ளவருக்கு அது கைகூடலாம். கொட்டாஞ்சேனைத் தொழிலாளி ஒருவரின் மகளுக்கும் அது அதே படிவத்தில், அதே கட்டணத்தில், குறித்த நாளுக்குள் கிடைக்க வேண்டும்.

மகள் என்று தெரிந்தே எழுதினோம். 1959இலேயே ஆசியப் பெண்களில் முதல்வராக ஆரத்தி சாகா ஆங்கிலக் கால்வாயைக் கடந்துவிட்டார். எங்கள் பிள்ளைகளோ வயதுக்கு வந்ததும் நீச்சலை விட்டுவிடுகிறார்கள். கொட்டாஞ்சேனைக்கு நடந்து போகும் தூரத்தில் சுகததாச விளையாட்டரங்கின் தடாகம் இருக்கிறது. அங்கே வாரத்தில் மூன்று மாலைகள் பெண்பிள்ளைகளுக்கென்று, பெண் பயிற்றுநருடன், பாடசாலை அடையாள அட்டையைக் காட்டினால் கட்டணமில்லாமல் திறந்துவிடுங்கள். பயிற்சி தமிழிலும் நடக்கட்டும்.

எங்கள் கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குவதென்றால் மரைன் டிரைவைத் தாண்டி, ரயில் பாதையைத் தாண்டிப் போக வேண்டும். பிள்ளையின் கையைப் பிடித்தபடி தண்டவாளத்தில் ரயில் வருகிறதா என்று பார்த்து நிற்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. பாதுகாப்பான கடவை வேண்டும். நகரத்தின் அழுக்கைச் சுமந்து வாய்க்கால் கடலில் விழும் இடத்தருகே நீந்தலாமா கூடாதா என்று அறிய, நீர்ப் பரிசோதனை முடிவை மாநகர சபை வாராவாரம் மும்மொழியிலும் கரையிலேயே பலகையில் எழுத வேண்டும். களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரம், காக்கைத்தீவுப் பக்கத்துக்கும் இதுவே பொருந்தும். வைகாசி முதல் புரட்டாதி வரை சோழகம் அடிக்கும் காலத்தில் இந்தக் கரை ஆளை இழுக்கும். அப்போது எச்சரிக்கைக் கொடியும், விடிகாலை தொடங்கிப் பொழுதுபடும் வரை சம்பளத்துக்கு நியமிக்கப்பட்ட உயிர்காப்பாளரும் இருக்க வேண்டும்.

ஓகஸ்ட் 6ஐத் திறந்த கடல் நீச்சலின் பாதுகாப்பு நாளாக அறிவியுங்கள். மாலையும் மேடைப் பேச்சும் அன்றைக்குப் போதாது. அவதானிகளுக்கான சான்றிதழ் அந்த நாளில் வழங்கப்படட்டும்.

மார்கழியில் மேல்கரைக் கடல் அடங்கும். அதற்குமுன் எழுத்தில் பதில் தாருங்கள். இதை வாசிக்கும் பெற்றோரே, இந்தச் சாசனத்தில் உங்கள் கையெழுத்தையும் சேருங்கள்.